ஏழாம் நம்பர் மலையில் வெட்டு

அன்றைக்கு ஓடைக் குட்டையோரம் இருந்தது நாலு பேர். நான், என் வீட்டுக்காரர், அவருடைய தங்கச்சி, நுவரெலியாவிலிருந்து கெண்டைக் குஞ்சு கொண்டுவந்த சிங்கள அண்ணன். என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்பார். ஐந்நூறு குஞ்சு. பாதிக் காசு கையில் கொடுத்தோம். மீதியை மீன் விற்றுத் தருவதாகப் பேச்சு.

குட்டைக்கு மேலே ஏழாம் நம்பர் மலை. நாங்கள் மலை என்று சொல்வது தேயிலைக் காணியைத்தான். அதன் ஓரமாக ஓடை வரைக்கும் பழைய மரங்கள். அந்த நிழலில் தண்ணீர், பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் அசையாமல் கிடக்கும். பையை அவிழ்த்து மிதக்கவிட்டோம். குஞ்சுகள் பையின் வாயில் நின்று யோசித்தன. ஒன்று போனது. பிறகு எல்லாமே, யாரோ மூச்சு விட்ட மாதிரி.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள், எதற்கும் பயப்படுகிறவள். கொக்கு வருமா, வெள்ளம் வருமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"மீனே இன்னும் பயப்படல அண்ணி" என்றாள் நாத்தனார்.

அன்று காலை வேலை பிரிக்கும் பெரட்டில், தோட்ட வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா, திங்கட்கிழமை ஏழாம் நம்பர் மலையில் வெட்டு என்று சொல்லியிருந்தார். வெட்டு என்றால் எங்களுக்குக் கவ்வாத்து. தேயிலைச் செடியைக் குறைத்து வெட்டுவது. வெட்டிய மிலாறு அடுப்புக்கு ஆகும். அதற்கு மட்டும் நான் பயப்படவில்லை. விறகு கட்டக் கயிறுகூட எடுத்துவைத்தேன்.

திங்கட்கிழமை வந்தது லொறியும் மரம் அறுக்கும் மெஷினும்.

ஓடி, கண்டாக்கு ஐயாவிடம் கேட்டேன். "மலையிலன்னுதானே சொன்னேன், செடியிலன்னா சொன்னேன்?" என்றார்.

கரை மரங்களும் விழுந்தன. கட்டைகளை ஓடை வழியாகவே இழுத்துப் போனார்கள். பிறகு மழை. அது விட்டதும் குட்டைக்கு மேலே அவ்வளவு வானம். அந்த இடத்தில் நான் வானத்தையே பார்த்ததில்லை. செம்மண் தண்ணீர் வெயிலில் வெதுவெதுத்தது. குஞ்சுகள் மேலே மிதந்து வாயைத் திறந்து திறந்து மூடின. முன்பே ஓடையில் இருந்த, கல்லிடுக்கில் முட்டையிடும் கறுப்புக்கோடு போட்ட சின்ன மீன்களைக் காணோம். கல்லையும் காணோம், எல்லாம் சேற்றுக்கடியில்.

சேலைத் துணியால் அரித்து நாங்கள் வாளியில் சேர்த்தது முப்பத்தொரு குஞ்சு.

சிங்கள அண்ணன் வந்து தண்ணீரில் கைவிட்டுப் பார்த்தார். மணிக்கட்டு வரை சேறு. கழுவ நல்ல தண்ணீர் தேடினார், இல்லை.

"நானும் கடனுக்குத்தான் எடுத்தது, நங்கி. மெதுவா தாங்க" என்றார்.

இன்னும் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுக்க வேண்டும்.