மாமாவின் காரில் இருந்த ஊட்டி

என் மகனுக்குப் பழைய கார்ப் பைத்தியம். சில வருஷங்களுக்கு முன் நெய்யாற்றின்கரையில் யாரோ கோழி அடைத்து வைத்திருந்த கார் ஒன்றை வாங்கி வந்தான். கழுவிப் பெயிண்ட் அடித்தும் ஆசை அடங்கவில்லை. அதற்கு ஏசி வைத்தே தீருவேன் என்று நின்றான். வந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்து வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "இது வேற வண்டிக்க எஞ்சினாக்கும் சார். யாரோ மாத்தி வச்சிருக்கு" என்றான்.

எப்படித் தெரியும் என்று மகன் கேட்டான். எஞ்சினைத் தாங்கும் இரும்பில் பிற்பாடு வைத்த வெல்டிங், சேஸியில் போல்ட் இல்லாமல் காலியாகக் கிடக்கும் பழைய ஓட்டைகள், புத்தகத்தில் உள்ள நம்பரோடு சேராத எஞ்சின் நம்பர் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினான். "மாத்தினது நல்லதாப் போச்சு. பழைய எஞ்சினில் ஏசிக்கு பெல்ட் மாட்ட எடமே கிடையாது. ஏசி ஓடது எஞ்சினுக்க பெல்ட்டுலயில்லியா?"

நான் அவனுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொண்டிருந்தேன். தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன். பிரஷர் என்று நினைத்து மகன் மாத்திரை எடுத்துத் தந்தான். வாங்கி விழுங்கினேன்.

எங்கள் வீடு பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் இடையில், ரோட்டை ஒட்டியே இருந்தது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், ஜெபம் தமிழில், சண்டை மட்டும் இரண்டிலும். அப்பா மலையில் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர். மாதம் ஒருமுறை வருவார். தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பியபோது, எஞ்சினில் விரிசல் விழுந்து கிடந்த தன் காரை அப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போனார். அது எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்ததே இரண்டு காளைகள் இழுத்துத்தான்.

அதைக் காராக்கியவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. நெய்யாற்றின்கரையில் ஒரு பஸ் பட்டறையில் வேலை. கல்யாணம் ஆகாதவர், எங்கள் வீட்டிலேயே சாப்பாடு. யுத்தம் முடிந்து ஏலத்தில் போன ஒரு பட்டாள லாரியின் எஞ்சினை எங்கிருந்தோ கொண்டுவந்து, ரேடியேட்டரை ஒரு சாண் முன்னால் தள்ளி, அந்தச் சின்னக் காருக்குள் திணித்துவிட்டார். பிறகு அந்தக் கார் போட்ட சத்தத்தைக் கேட்டு, லாரி வருகிறது என்று ரோட்டோரம் ஒதுங்கியவர்கள் எல்லாம் எங்கள் கார் போவதைப் பார்த்துத் திட்டுவார்கள். மாமா கையை வெளியே நீட்டிக் கும்பிட்டுக்கொண்டே போவார்.

இவ்வளவும் அக்காவுக்காக. எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினாறு. அவளுக்கு வாத ஜுரம் வந்து நெஞ்சைப் பிடித்துவிட்டது. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். மாதம் இரண்டு தடவை கிழக்கே இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். லாரி எஞ்சின் வந்ததும் வேகம் வந்தது, கூடவே வெக்கையும் வந்தது. மீன மாத வெயிலில் காருக்குள் அடுப்படி தோற்கும். ஒருநாள் பாதி வழியில் அக்காவின் உதடு நீலமாகி, மாமா காரை நிறுத்திவிட்டு ஒரு தென்னையின் அடியில் அவளைப் படுக்க வைத்துத் தன் சட்டையால் வீசினாராம். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் காருக்குள் ஒரு தகரப் பெட்டி வந்தது. உள்ளே நனைத்த ராமச்சம், அதாவது வெட்டிவேர், தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தது. மேலே ஒரு டப்பாவிலிருந்து தண்ணீர் சொட்டும். அதற்குப் பின்னால், எஞ்சின் பக்கமாக, கொல்லன் உலையில் காற்று ஊதுகிற இரும்பு விசிறி ஒன்று. லாரி எஞ்சினில் பெல்ட் மாட்டுகிற சக்கரம் ஒன்று அதிகமாக இருந்தது. அதிலிருந்து ஒரு பெல்ட்டைக் கொடுத்து மாமா இந்த விசிறியைச் சுற்ற வைத்தார். எஞ்சின் ஓடினால் பெட்டியிலிருந்து வாசனையோடு குளிர்ந்த காற்று வரும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "மாமா, ஊட்டி வந்தாச்சு" என்றாள். எங்களில் ஒருவரும் ஊட்டியைப் பார்த்ததில்லை. ஆனாலும் அன்று முதல் அந்தப் பெட்டிக்கு ஊட்டி என்றே பெயர். நான் அதைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் அளக்காத நாள் இல்லை.

அப்போது எல்லைக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. எங்கள் தாலுகாவையும் கிழக்கே உள்ளவற்றையும் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கூட்டம், ஊர்வலம், அதற்குத் தடியடி. மாமா கட்சிக்காரர் இல்லை. ஒரு மத்தியானம் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து மருந்து வாங்கிக்கொண்டு வரும் வழியில், சந்தையில் கூட்டத்தை அடித்துக் கலைத்துக்கொண்டிருந்தார்கள். மண்டை உடைந்த ஒருவரைச் சிலர் தூக்கிக் காருக்குள் போட்டார்கள். போலீஸ் தேடிய ஆள் அவர். போலீஸ் வண்டி துரத்தியது. ஏற்றத்தில் லாரி எஞ்சின் தன் குணத்தைக் காட்டியது, போலீஸ் வண்டி பின்தங்கிவிட்டது.

அந்த ஆள் பிழைத்தார். ஆனால் துரத்திய போலீஸ்காரர், பார்த்தால் கார், கேட்டால் லாரி என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். அந்த மாதிரிக் கார்கள் எங்கள் பக்கம் நாலைந்துதான் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு வருகிறார்கள் என்று பஸ் கண்டக்டர்கள் வழியாக மாமாவுக்குச் செய்தி வந்தது.

மாமா மூன்று தென்னந்தடிகளை நட்டுச் சங்கிலி கட்டி, இரண்டே நாளில் லாரி எஞ்சினை வெளியே எடுத்துவிட்டார். துரையின் பழைய எஞ்சினை விரிசல் அடைத்துத் திரும்ப வைத்தார். வெல்டிங் தழும்புகளின் மேல் தார் பூசினார். லாரி எஞ்சின் எங்கள் மரச்சீனி விளையில், மரவள்ளித் தோட்டத்தில், ஒரு குழிக்குள் போயிற்று. மேலே மண்ணைப் போட்டு மரச்சீனிக் கம்பு நட்டார்கள். தகரப் பெட்டியையும் பிடுங்கப் போனபோது, கட்டிலில் கிடந்த அக்கா, "அது கிடக்கட்டும் மாமா. எப்படியும் திரும்ப வைக்கணுமே" என்றாள். மாமா விட்டுவிட்டார். அவள் கேட்டு அவர் எதை மறுத்திருக்கிறார்?

என்னைக் கூப்பிட்டுக் கார்ப் படியில் உட்கார வைத்துச் சொன்னார். "மக்கா, ஆரு கேட்டாலும் எஞ்சினப் பத்தி ஒரு வார்த்தை பறையப்பிடாது. கேட்டியா?" அவர் கேட்காமலே நான் வேதபுத்தகத்தை எடுத்து வந்து அதன்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். ஓய்வுநாள் பள்ளியில் வசனத்துக்குப் பரிசு வாங்கியவள் நான்.

இன்ஸ்பெக்டர் வந்தது ஒரு சனிக்கிழமை காலையில். மலையாளத்துக்காரர், சாந்தமான முகம், அம்மாவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். எஞ்சினை ஓட்டச் சொன்னார். அது கிழவன் இருமுவதுபோல் ஓடியது. நம்பரைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். இரண்டும் சேர்ந்தது. மாமாவின் முகத்தில் ரத்தம் திரும்பியதை நானே பார்த்தேன். வந்தவருக்கு இளநீர் வெட்ட வீட்டின் பின்பக்கம் போனார். கூட வந்த இரண்டு போலீஸ்காரர்களும் பின்னாலேயே போனார்கள். அம்மா தட்டு எடுக்க உள்ளே போனாள்.

இன்ஸ்பெக்டர் கார்க் கதவைத் திறந்து, முன் சீட்டில் உட்கார்ந்து எதையோ எழுதினார். வியர்வையைத் துடைத்தார். அப்போதுதான் பெட்டி அவர் கண்ணில் பட்டது.

"இது எந்தாணு மோளே?"

என்ன இது என்று ஒருவர் கேட்டு, அதுவும் ஊட்டியைக் கேட்டு, நான் சும்மா இருந்தால் நான் நானா? நல்ல மலையாளத்தில் ராமச்சம், தண்ணீர், விசிறி எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் எஞ்சினை ஓட்டி, பெட்டியின் முன்னால் கையை வைத்துப் பார்த்து, நிறுத்திவிட்டுச் சிரித்தார். காற்றே வரவில்லையே, மாமா வெறும் தகரத்தை வைத்து உன்னை ஏமாற்றியிருக்கிறார், என்றார்.

ஜன்னலுக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது. "பிள்ளே, கொஞ்சம் வெள்ளம் கொண்டா." திரும்பவும், இன்னும் கொஞ்சம் சத்தமாக, "பிள்ளே, இஞ்ச வா." எனக்கு எரிச்சலாக இருந்தது. வீட்டுக்கு வந்த மனிதர் எங்கள் மாமாவை ஏமாற்றுக்காரர் என்கிறார், இவளுக்கு இப்போதுதான் தாகம் எடுக்கிறது.

"போன வாரம் வரைக்கும் வந்தது. நல்லாக் குளிரும். இப்போ பெல்ட் மாட்ட இடமில்லை, அதான்" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தவில்லை. "முன்பு எதில் மாட்டியிருந்தது?"

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். அது எஞ்சினைப் பற்றிய கேள்வி. சத்தியம் செய்திருக்கிறேன். அவர் மறுபடி கேட்கவில்லை. என் தலையில் ஒருமுறை தடவிவிட்டு இறங்கினார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

இறங்கியவர் பானெட்டைத் திரும்பத் திறந்தார். இரும்பு விசிறியின் பக்கத்தில் சுருண்டு கிடந்த பெல்ட்டை எடுத்துத் துரையின் எஞ்சின் சக்கரத்தில் வைத்துப் பார்த்தார். சக்கரத்தைவிடப் பெல்ட் இரண்டு மடங்கு அகலம். பிறகு பைக்குள்ளிருந்து சாவியை எடுத்துத் தாரைச் சுரண்டினார். மாமா இரண்டு கையிலும் இளநீரோடு வந்தபோது அவர் சுரண்டிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் ஒன்றை வாங்கி, முழுவதும் குடித்துவிட்டுத்தான் போலீஸ்காரர்களைக் கூப்பிட்டார்.

மரச்சீனி விளையில் வாடி நின்ற புதுக் கம்புகள் புதைந்து கிடந்த லாரி எஞ்சினைக் காட்டிக் கொடுத்தன. மாமாவைப் போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள். காரை வடம் போட்டுப் பின்னால் கட்டினார்கள். வந்தபடியே, இன்னொருவர் இழுக்கத்தான் அது போயிற்று.

வீட்டிலிருந்தே விவரம் கிடைத்தது என்று இன்ஸ்பெக்டர் போகும்போது ரோட்டில் நின்றவர்களிடம் சொன்னாராம். அம்மா முன்னறையின் நடுவில் நின்று கேட்டாள். "ஆரு சொன்னது? எனக்க கூடப்பிறந்தவன ஆரு காட்டிக் குடுத்தது?" நான் சுவரோரம் நின்றேன். எனக்குப் பயம் இல்லை. எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாதவள் நான்.

அக்கா கட்டிலில் எழும்பி உட்கார்ந்தாள். "நானாக்கும் சொன்னேன். ஊட்டி ஏன் ஓடல்லேண்ணு கேட்டாரு. ஜன்னல் வழியா வாயில வந்தத சொல்லிப்போட்டேன்."

அம்மா கையை ஓங்கினாள். நோயாளிப் பிள்ளையை அடிக்க முடியாமல் அந்தக் கையால் தன் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். மூன்று நாள் அவளோடு பேசவில்லை, கஞ்சியை வைத்துவிட்டுப் போவாள்.

நான் அதை நம்பினேன். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் முழுமனதாக நம்பினேன். இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தபோது ஜன்னலிலிருந்து அவள் குரல் வந்ததை நானே கேட்டேனே. தண்ணீர் கேட்டதோடு நிறுத்தாமல் பிறகு எதையோ உளறியிருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். எஞ்சின் வேறு, பெட்டி வேறு என்றிருந்தது என் கணக்கு. பெல்ட் என்று நான் சொன்ன ஒரு வார்த்தைதான் மாமாவைக் கொண்டுபோயிற்று என்று விளங்க, எனக்கு இன்னும் ஐந்தாறு வருஷம் வேண்டியிருந்தது.

கார் இல்லாமல் அக்காவை ஒருதடவை பஸ்ஸில் கொண்டுபோனார்கள். கூட்டத்தில் மயங்கி விழுந்து பாதி வழியில் திரும்பினாள். பிறகு அம்மா தனியாகப் போய் மருந்து மட்டும் வாங்கி வந்தாள். மாமா சிறையிலிருந்து வந்தபோது ஒரு கால் சரியாக ஊன்றவில்லை. அதற்குள் அக்கா கல்லறைத் தோட்டத்துக்குப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. எல்லையும் பிற்பாடு எங்களுக்குக் கிழக்கே களியக்காவிளையில் விழுந்தது. மாமா காப்பாற்றிய ஆளின் ஊர் அந்தப் பக்கம் போயிற்று, நாங்கள் இந்தப் பக்கமே நின்றோம். மாமா சாகும்வரை என்னிடம் எதையும் கேட்கவில்லை.

எனக்கு மறக்காதது, அக்கா போவதற்கு முன், இடவ மாத மழைக்கு முந்தின ஒரு மத்தியானம். மழை வரப்போகிற புழுக்கம். அக்காவுக்கு வீசச் சொல்லி அம்மா என்னிடம் பனையோலை விசிறியைத் தந்தாள். நான் அக்காவோடு பேசுவதை நிறுத்திப் பல நாள் ஆகியிருந்தது. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வீசினேன். அவள் கண்ணை மூடியபடி, "ஊட்டி வந்தாச்சு" என்றாள். நான் சிரிக்கவில்லை.

"எங்கிட்ட பெணக்கமா மக்கா?"

"மாமாவக் காட்டிக் குடுத்தது நீதானே" என்றேன்.

அக்கா கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஆமா, நானாக்கும்" என்றாள். "நீ நல்லா வீசு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வீசினேன்.