கல்யாணராமனின் மிருதங்கமும் அழகுமலையின் தறிகளும்

ஆபீசில் எனக்கு அடுத்த மேஜைக்காரர் கல்யாணராமன். தங்கமான மனுஷர். மிருதங்கத்தைத் தொட்டால் மட்டும் தாளத்தை விட்டு ஓடிவிடுவார். அவர் மனைவி பாகீரதி மாமி நிதானமாகப் பாடுவார். இவருக்கு வாசிக்க வாசிக்க வேகம் ஏறும், மாமி மூச்சிரைக்கத் துரத்திக்கொண்டு வர வேண்டியதுதான். 1974இல் ஒரு கோயில் கச்சேரியில், மாமி பாடிக்கொண்டிருக்கும்போதே இவர் வாசித்து முடித்துவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் சிரித்தது. "இனிமே ஒங்களோட உக்காந்து பாட மாட்டேன்" என்று மாமி சொல்லிவிட்டார். மிருதங்கம் சாக்குக்குள் புகுந்து பரணுக்குப் போனது.

நாலு வருஷம் கழித்து மதுரையிலேயே செல்லூருக்குக் குடி மாறினார்கள். பக்கத்துக் கட்டடத்தில் அழகுமலையின் விசைத்தறிகள் விடிந்ததும் சடக் சடக் என்று ஆரம்பித்துவிடும். முதல் மாதம் கல்யாணராமன் ஆபீசில் அதைத் திட்டாத நாளில்லை. இரண்டாம் மாதம் ஒருநாள், சவரம் செய்துகொண்டே சொம்பில் விரலால் தட்டிப் பார்த்திருக்கிறார். தறி முந்தவுமில்லை, பிந்தவுமில்லை. இவர் விரலும் அதோடு ஒட்டிக்கொண்டே போனது. பாதி முகத்தில் சோப்போடு பரணில் ஏறிவிட்டார்.

அப்புறம் மனுஷரைப் பிடிக்க முடியவில்லை. புதுத்தோல் போட்டு வாங்கினார். வீட்டு ரவையெல்லாம் குழைந்து, நாதம் கனக்க வேண்டுமென்று, மிருதங்கத்தின் இடது பக்கத்தில் ஏறியது. உப்புமா நின்றே போனது. தினமும் காலையில் இரண்டு மணி நேரம் தறியோடு சேர்ந்து சாதகம். ஒருநாள் சமையலறையிலிருந்து மாமி, "தாளம் நன்னாத்தான் நிக்கறது" என்றாராம். அந்த ஒரு வார்த்தைக்கு ஆபீசில் எங்கள் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

அழகுமலையே வந்து கூப்பிட்டார். "சாமி, ஆயுத பூசைக்கு நம்ம தறி செட்டுல வந்து பாடுங்க. அம்புட்டுப் பேரும் கேக்கட்டும்."

மாமி கல்யாணராமனோடு பாடச் சம்மதித்துவிட்டார். பூஜையன்று நான் போய் முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

கல்யாணராமன் சுருதி சேர்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார். நாலு தறியும் சந்தனம் குங்குமத்தோடு அசையாமல் நின்றன. ஆயுத பூஜையன்று எந்த ஊரில் ஐயா தறி ஓடும்? மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அதுவரை அது தோன்றவேயில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"அழகுமலை, ஒரே ஒரு தறியை மட்டும் ஓட்டப்படாதா?"

"என்ன சாமி, இப்பிடிக் கேக்குறீக! பூசை போட்டாச்சு. நாளைக்குத்தேன் தொடுவோம்."

"அப்போ மிருதங்கத்தையும் பூஜையில வெச்சுடறேனே."

"பாடி முடிச்சப்பறம் வெக்கலாம். ஆரம்பிங்கோ" என்றார் மாமி.

ஆரம்பித்த இரண்டாவது நிமிஷமே வேகம் ஏறியது. மாமி தொடையில் பட்டென்று ஓங்கித் தாளம் போட்டார். கல்யாணராமன் திடுக்கிட்டு அந்தக் கையைப் பார்த்தார். பார்த்தவர் கண்ணை எடுக்கவேயில்லை. வேகம் மெல்ல இறங்கி ஒரு நிலைக்கு வந்தது. மாமி முடித்த இடத்திலேயே அவரும் முடித்தார். செட்டே கைதட்டியது. எல்லோரையும்விட நான்தான் பலமாகத் தட்டினேன்.

சுண்டல் கொடுக்கும்போது கல்யாணராமனுக்குத் தரையில் கால் பாவவில்லை. "பாத்தியா பாகீ? தறியே இல்லாம நின்னுட்டேன்!"

மாமி சிரிக்கவில்லை. "கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமா இந்தக் கை தாளம் போட்டுண்டுதான் இருக்கு. இன்னிக்குத்தான் பாத்தேள்."