அப்பா தொட்ட சிப்

பித்தளைத் தட்டில் குங்குமம் வைத்த கறுப்புச் சிப்புகள். பூரானைப் போல இரண்டு பக்கமும் கால்கள். அதில் ஒன்றை அப்பா இரண்டு விரலால் எடுத்து, கண்களில் ஒற்றிக்கொண்டு, அலுங்காமல் திரும்ப வைத்தார். எண்பதுகளின் கடைசியில், பெரம்பலூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நடந்தது இது.

அங்கே மாஸ்டர் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டு வகுப்பு ஆரம்பித்திருந்தார். அதற்கு மெமரி போதவில்லை. கொஞ்சம் பெரிய புரோகிராமைத் திறந்தாலே நின்றுவிடும். மெமரியைக் கூட்டச் சிப்புகள் வந்த அன்று, திருச்சி மெக்கானிக் வருவதற்குள் மாஸ்டர் பூஜை போட்டுவிட்டார். புதுப் பொருள் எது வந்தாலும் நம்மூரில் அப்படித்தானே. வகுப்பில் நானும் ஒருத்தி. எங்கள் பெற்றோர்களையும் வரச்சொல்லியிருந்தார். ஏ.சி. அறை, தரையில் பிளாஸ்டிக் விரிப்பு, எல்லார் உடம்பிலும் பளபளக்கும் பாலியஸ்டர். மாஸ்டரே தட்டை ஒவ்வொருவரிடமும் நீட்டினார். ஆளாளுக்கு எடுத்துக் கும்பிட்டார்கள். “இத்தன கால் இருக்கு மாஸ்டர், ஓடிடப்போவுது, புடிச்சுக்கங்க” என்றார் ஜவுளிக்கடைக்காரர். அறையே சிரித்தது. வாலிகண்டபுரம் பக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்த அப்பா, விரிப்பில் கால் வைக்காமல் கதவோரம் சிமெண்டுத் தரையில் நின்றார். தட்டு கடைசியாகத்தான் அவரிடம் போனது.

மெக்கானிக் வந்து சிப்புகளைப் பொருத்தி சுவிட்சைப் போட்டார். திரை இருட்டாகவே இருந்தது. “கையில தொட்டீங்களா சார்? நம்ம உடம்புல இருக்கற கரண்டே இதக் கொன்னுடும். யாரு கையா இருந்தாலும்தான்” என்றார். அந்தக் கடைசி வார்த்தையை யாரும் காதில் வாங்கவில்லை. ஜவுளிக்கடைக்காரர் அப்பாவைப் பார்த்தார். “கண்டவனும் தொட்டா இப்படித்தான் மாஸ்டர்.” எல்லாத் தலையும் கதவுப் பக்கம் திரும்பியது. நாங்கள் எந்தத் தெரு என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். தட்டை நீட்டிய மாஸ்டரும் திரும்பி அப்பாவைத்தான் பார்த்தார்.

அப்பா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். “தெரியாம தொட்டுட்டேங்க. என் தப்புதாங்க. புள்ளய மட்டும் நிறுத்திடாதீங்க.”

“சரி சரி, புள்ள வரட்டும். நீ இனிமே உள்ள வராத.” மாஸ்டர் அப்பாவைவிட வயதில் சின்னவர்.

நான் மறுநாளே போனேன். வேறு சிப்புகள் வந்தன, மெமரி ஏறியது, ஜவுளிக்கடைக்காரர் மகனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தட்டினேன். அப்பா மழையானாலும் எதிர்ச்சாரியில் நின்றுதான் என்னை அழைத்துப்போவார். அந்த “புள்ள வரட்டும்” போட்ட சோற்றைத்தான் இன்றுவரை தின்கிறேன். நினைத்தால் உடம்பு கூசுகிறது. பிறகு நானே மெஷின்களைப் பிரிக்கப் பழகியபோது ஒன்று தெரிந்தது. பிளாஸ்டிக்கும் பாலியஸ்டரும் உரசினால்தான் உடம்பில் அந்தக் கரண்ட் ஏறும். பருத்தி வேட்டியோடு வெறுங்காலில் சிமெண்டில் நின்ற அப்பாவின் கைதான் அந்த அறையிலேயே ஆபத்தில்லாத கை. அதைப் போய்ச் சொல்லிக் காறித் துப்ப இன்ஸ்டிடியூட் இப்போது இல்லை. அப்பாவிடம் சொன்னேன். தலையாட்டினார், அவ்வளவுதான்.

போன மாதம் என் பழைய கம்ப்யூட்டருக்கு மெமரி கூட்டினேன். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் ஸ்க்ரூடிரைவர். மேஜைமேல் இருந்த புது மெமரியை எடுத்துத் தரச்சொல்லி அப்பாவிடம் கேட்டேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“நீயே எடுத்துக்க பாப்பா. நாந்தொட்டா ஓடுமோ ஓடாதோ.”