தேசிங்கின் மீசை

கோவளத்தில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் அஞ்சலையின் மகன் தேசிங்கு. கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்தவன், சுனாமிக்குப் பிறகு முதுகில் சிலிண்டர் கட்டிக் கடலுக்கடியில் இறங்கும் வேலை பழகப் போனான். பழக்கிவிட்ட பாலா முதல் நாளே சொன்னார்:

"மீசைய எட்துடு தேசிங்கு. முகக் கண்ணாடி ஒட்டாது, தண்ணி பூந்துடும்."

"எங்க நைனா உசுரோட கீறாரு சார், எப்டி எடுக்கறது?"

அப்பன் செத்தால்தானே மகன் மீசை எடுப்பான்? அதிலும் அவன் அப்பா கன்னியப்பன் அண்ணன் அப்போது படுத்த படுக்கை.

ஆழத்தில் மீசை வழியே கசிந்த தண்ணீர் கண்ணாடிக்குள் மூக்குவரை ஏறியது. தேசிங்கு மறந்துபோய் மூக்கால் மூச்சை இழுத்துவிட்டான். உப்பு மண்டைக்குள் தீயாய் ஏறித் தொண்டை அடைத்தது. வாயிலிருந்த குழாயைத் துப்பிவிட்டு மேலே பாயப் பார்த்தான். மூச்சை அடக்கிக்கொண்டு பாய்ந்தால் நுரையீரல் கிழிந்துவிடுமாம். பாலா அவன் தோளை இறுக்கிப் பிடித்து, குழாயை வாயோடு அழுத்தினார். தன்னைக் கொல்லத்தான் பிடிக்கிறார் என்று நினைத்தானாம் பிள்ளை. குழாய்க்குள்ளேயே இருமி இருமி மெல்ல மேலே வந்தான்.

வீட்டுக்கு வந்த பிறகும் முகத்தில் தண்ணீர் பட்டாலே அலறினான். பாயில் கிடந்த கன்னியப்பன் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எட்துடுடா. நான் பூட்டா நீ மீசைய எடுப்ப. நீ பூட்டா நான் இன்னாத்தடா எடுக்கறது?"

மறுநாள் வழித்த முகத்தோடு அவன் வாசலில் இறங்க, எதிரே வந்த மீன்காரி பாப்பா கூடையைப் போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ, அண்ணாத்த எப்ப பூட்டாரு?"

அதைக் கேட்ட அஞ்சலை உள்ளே ஓடிப் புருஷன் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது. ஆனாலும் விரலை எடுக்க அவளுக்குப் பயமாக இருந்தது.