அண்ணன் பெயரில் ஓடிய பிரிண்டர்

சின்னவளிடம் யாராவது முடியாது என்று சொல்லிப் பார்க்கட்டும். அன்றைக்கு அவளுக்குச் சோறு தண்ணி இறங்காது. நாற்பதைத் தாண்டி, பிள்ளைகள் தோளுக்கு மேல் வளர்ந்த பிறகும் வீட்டிலும் தெருவிலும் அவள் சின்னவள்தான். எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழும் ஒரு மேனேஜரிடம் வருஷக்கணக்கில் குப்பை கொட்டியவள், ஒருநாள் வேலையை உதறிவிட்டுப் பிரிண்ட் கடை போட்டாள். கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு அறை, ஒரு மேஜை, மூலையில் இடுப்புயரத்துக்கு ஒரு பழைய பிரிண்டர். கடைக்கு உயிரே அதுதான்.

இந்த நேரம் பார்த்துப் பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. புதிதாக வந்ததோ, பிரிண்டரைப் பார்த்து நீ யார் என்றது. இரண்டையும் பேசவைக்க டிரைவர் என்றொரு மென்பொருள் வேண்டும். அதைக் கம்பெனி எப்போதோ கைகழுவிவிட்டது. போன் செய்தால், "அது ரொம்பப் பழசும்மா, புதுசு வாங்கிக்கோங்க" என்கிறான். வாங்க வழியிருந்தால் இவள் ஏனப்பா உனக்குப் போன் செய்கிறாள்? பிரிண்டர் ஓடாவிட்டால் கடை இல்லை. மறுபடி அதே மேனேஜர் முன்னால் போய்க் கைகட்டி நிற்கவேண்டும்.

கணவர் குழாய் ரிப்பேர் செய்பவர். தங்கமான மனிதர், ஆனால் அவசரக்குடுக்கை. பழைய இரும்புக்காரரை வரச்சொல்லிவிட்டார். வண்டியும் வாசலில் வந்து நின்றது.

"தூக்கிடலாமாம்மா?"

"கொஞ்சம் உக்காருங்கண்ணே. இன்னும் ஒரு தடவை பாத்துடறேன்."

"காலையிலருந்து இதையேதான் சொல்றே," என்றார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க."

கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த டிரைவர்களில் குத்துமதிப்பாக ஒன்றைத் தட்டினாள். பிரிண்டர் ஓடியது! ஓடி என்ன, தாள் தாளாகக் கோழி கிண்டியதுபோல் ஏதேதோ குறிகள். கணவர் பாய்ந்துபோய் ஒயரைப் பிடுங்கினார்.

அப்போதுதான் டிரைவர் பட்டியலில் ஒரு பெயர் கண்ணில் பட்டது. அதே கம்பெனி, அதே வரிசை, இதற்கு முன்னால் வந்த மாடல். சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எந்த டீச்சரும் அவள் பெயரைச் சொன்னதில்லை. அக்கா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இவளும் எழுந்து பதில் சொல்லுவாள்.

"இதுக்கு அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாக்கறேன்."

"உனக்கு என்னமோ ஆயிடுச்சு," என்றார் கணவர். அவள் ஒயரைத் திரும்பச் செருகினாள்.

தட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. உற்றுப் பார்த்தால், வேறு அளவுத் தாள் வை என்கிறது. அண்ணனுக்குப் பழக்கம் அந்த அளவாம்! தாள் அளவை மாற்றிவிட்டு மறுபடி தட்டினாள். உள்ளே கடகடவென்று ஏதோ உருண்டது. தாள் வந்தது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல அத்தனை தெளிவான எழுத்து.

சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. சூடு ஆறாத தாளை இரும்புக்காரரிடமே நீட்டினாள். இரண்டு பக்கமும் தானாக அச்சடிக்க வரவில்லை. வராவிட்டால் போகட்டும், கையால் திருப்பிப் போட்டுக்கொள்வாள்.

இரும்புக்காரர் தாளையும் பிரிண்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதே மாதிரி ரெண்டு என் குடோன்ல கிடக்கும்மா. இதே டிரைவர் கதைதான். ஒரு ஆபீஸ்ல தூக்கிக் குடுத்துட்டாங்க."

"உடைச்சுட்டீங்களா?"

"இனிமேதான் உடைக்கணும்."

சின்னவள் கணவரைப் பார்த்தாள். "என்ன நின்னுட்டிருக்கீங்க? அண்ணன் வண்டியில ஏறுங்க."