ஓட்டை இன்ஜினியர்

குப்பை கொட்டும் பள்ளத்துக்கு அடித்தளம் போடுகிற வேலையில் ஆட்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ஓட்டை இன்ஜினியர். சும்மாவா வைத்தார்கள்? காய் வாங்கும் பையைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிற பிறவி அது! "என்னை மட்டும் எப்படி ஒரே பார்வையில சரின்னு சொன்னே?" என்று கணவனே கிண்டலடிப்பான்.

இந்தப் பள்ளம் என்றால் மட்டும் அவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் தாழ்வான தெருவில்தான் நாத்தனார் வீடு. குடிப்பதற்குக் கிணறுதான். "எங்க வீட்டுக்குப் பின்னால குப்பை கொட்ட நீங்களே வழி பண்றீங்களே அண்ணி, நல்லா இருங்க!" என்று சொல்லிவிட்டுப் போனவள், அதற்கப்புறம் பேசவில்லை. பிள்ளைத்தாய்ச்சி வேறு.

கீழே இறுக்கிய களிமண், மேலே சூடு வைத்து ஒட்டிய தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் துணி, ஜல்லி, குப்பையில் ஊறி வடியும் நீரைச் சுத்திகரிப்புத் தொட்டிக்குக் கொண்டுபோகும் குழாய்கள். எல்லாம் அவள் வரைந்தபடியே முடிந்திருந்தது. அவள் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"ஒட்டும்போதே பார்த்தாச்சே, இன்னும் என்னம்மா?" என்றார் கான்ட்ராக்டர்.

"ஜல்லி கொட்டினப்புறம் பார்க்கல சார். நனைச்சு மின்சாரம் விட்டுப் பார்க்கணும். பிளாஸ்டிக் மின்சாரத்தை விடாது. விட்டா, அங்க ஓட்டை."

"எல்லாரும் சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும். ஓட்டையோட விட்டா அழணும்."

மீட்டரோடு ஜல்லிமேல் நடந்தாள். முள் அசையவே இல்லை. பின்னால் கேலியும் கொட்டாவியும். கான்ட்ராக்டர் வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். அப்போதுதான், ஜல்லி கொட்டிய லாரி திரும்பிய மூலையில் முள் துள்ளியது பாருங்கள்! ஜல்லியைக் கையாலேயே விலக்கினார்கள். கூரான கல் ஒன்று துணியைக் கிழித்து விரிப்பையும் துளைத்திருந்தது. சுண்டுவிரலே நுழையும். ஒட்டி முடித்ததும், "முதல்லேருந்து இன்னொரு தடவை பார்த்துடலாம்மா" என்று கான்ட்ராக்டரே சொன்னார். அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

குப்பை ஏறியது, மழையும் கொட்டித் தீர்த்தது. வேலியோரச் சோதனைக் கிணறுகளிலும் தெருக் கிணறுகளிலும் தண்ணீரை எடுத்துப் பரிசோதித்தார்கள். துளி மாற்றம் இல்லை. முடிவைத் தெருவெங்கும் ஒட்டினார்கள். ஆனால் நாத்தனார் நம்பினாளா? கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

குழந்தை பிறந்த பிறகு, கணவன்தான் அவளை இழுத்துக்கொண்டு போனான். நாத்தனார் அடுப்படியில் பால் பவுடர் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்தத் தண்ணில கரைக்கிறே?" அவள் கேட்டேவிட்டாள்.

"நம்ம கிணத்துத் தண்ணிதான் அண்ணி, காய்ச்சி ஆற வெச்சது." பால் புட்டியை அவள் கையில் திணித்தாள். "வீல்னு கத்துறான் பாருங்க. நீங்களே குடுங்க."