லாரியில் மூன்றாவது பையன்

சலூன்காரருக்கு நாற்பத்தாறாவது வயதில் வீட்டுக்குள்ளேயே ஒரு போட்டியாள் முளைத்தான். வயது இருபது இருக்கும். செத்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். அலுமினியத் தகட்டில் அச்சான பழைய யுத்தப் படம் ஒன்றில், லாரியின் பின்பலகையில் வரிசையாக உட்கார்ந்த ஆறு சிப்பாய்களில் மூன்றாவது ஆள். ஆறு பேரும் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்திருந்தார்கள். அவன் மட்டும் சிரித்தான்.

அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தது மனைவிதான். கடைத்தெருக் கோடியில் இருக்கும் அச்சகத்தில் ஆறு வருடமாக அவளுக்கு வேலை. படத்தைக் காகிதத்தில் இடவலம் மாற்றி அச்சடித்து, வெள்ளைப் பூச்சுள்ள தகட்டின்மேல் கவிழ்த்து ஒட்டிச் சூட்டு மிஷினில் அழுத்தினால், மை தகட்டுக்குள் இறங்கி, படம் நேராக வந்துவிடும். நூலகக் கூடத்தில் மாட்ட முப்பது யுத்தப் படங்கள் கேட்டிருந்தார்கள். முதன்முறையாக முதலாளி முழு வேலையையும் அவளை நம்பி விட்டிருந்தார். நல்லபடியாக முடிந்தால் தகட்டுப் பிரிவே அவள் பொறுப்பு. சொதப்பினால் பழையபடி வெட்டு மிஷினுக்குக் காகிதம் எடுத்துக்கொடுக்கிற வேலை. சனிக்கிழமை காலை திறப்பு. படத்தில் இருக்கிறவர்களின் பேரன் பேத்திகள்கூட வருகிறார்களாம்.

லாரிப் படத்தை முதலில் அடித்தபோது மூலையில் கீறல் விழுந்துவிட்டது. மறுபடி ஒன்று அடித்துக் கூடத்தில் மாட்டியாயிற்று. கீறல் விழுந்தது வீட்டுக்கு வந்தது. வந்தது பரணுக்குப் போயிருக்கலாம். சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச்சுவரில், கல்யாணப் போட்டோ தொங்கிய அதே ஆணியில் ஏறி உட்கார்ந்தது.

"நம்ம போட்டோ எங்கே?"

"அலமாரி மேல. வெயில் பட்டு வெளுத்துப்போச்சுங்க, உங்க மீசையவே காணோம். இது வெளுக்காது. துணியால துடைச்சாப் போதும்."

துடைக்கவும் செய்தாள். தினமும் வேலைக்குக் கிளம்புமுன் மெத்தென்ற துணியால் ஒரு துடைப்பு. சலூன்காரர் சோற்றை மென்றபடி பார்த்தார். அந்தத் துணி மூன்றாவது பையனின் கன்னத்தில் மட்டும் சற்று நின்று போவதாக அவருக்குப் பட்டது.

"சிரிப்பப் பாருங்க. சண்டைக்குப் போற வழியில இப்படிச் சிரிக்கிறான்."

"நானும்தான் தினம் சிரிச்சுக்கிட்டே கடைக்குப் போறேன்."

"நீங்க சிரிச்சா யார் தலையோ உருளப்போகுதுன்னு அர்த்தம்."

பொறாமைக்குக் கண் இல்லை என்பார்கள். அவருடைய பொறாமைக்குக் கண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு வாரம் அந்தப் பையனை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். காது புடைத்திருந்தது, சந்தோஷம். காதோரத்து முடியை எவனோ படிக்கட்டு மாதிரி வெட்டிவைத்திருந்தான், ரொம்ப சந்தோஷம். ஆனால் ஒன்று உறுத்தியது. இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோம். எங்கேயோ என்ன, நம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறது. இதே ஜாடையில் எவனாவது அச்சகத்தில் வேலை செய்கிறானோ என்ற சந்தேகத்தில் ஒருநாள் அந்தப் பக்கமாகச் சும்மா நடந்துகூடப் பார்த்தார். அவளைத் தவிர உள்ளே அறுபது வயது முதலாளியும் ஒரு வெட்டு மிஷினும்தான் இருந்தன.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்கத்துக் கடைத் தையல்காரர் சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். விஷயம் அவருக்குத் தெரியும்.

"என்னண்ணே, வீட்டுல அந்த சிப்பாய் சௌக்கியமா?"

"வாயை மூடு. நுரை போயிடும்."

"செத்தவனுக்கு இவ்வளவு மரியாதை. அண்ணிகிட்ட நல்ல பேர் வாங்க நீங்களும் ஒரு தடவை லாரியில ஏறிப் பாருங்களேன்."

சொல்லிவிட்டுத் தையல்காரர் கண்ணாடியில் சிரித்தார். சலூன்காரர் கத்தியோடு நின்றுவிட்டார். சிரிக்கிற முகம், கண்ணாடியில் இடதோரமாக வகிடு. அப்படியே அந்தப் பையன்தான். நாற்காலியைச் சுழற்றித் தையல்காரரை நேருக்கு நேர் பார்த்தார். வகிடு வலதோரம் போய்விட்டது. மறுபடி கண்ணாடிப் பக்கம் சுழற்றினார். மறுபடி தன் பக்கம்.

"தலை சுத்துதுண்ணே. என்ன செய்றீங்க?"

இருபத்தைந்து வருடமாக ஊர் முகங்களை அவர் கண்ணாடிக்குள்தான் பார்த்து வருகிறார். அதனால்தான் அவன் தெரிந்தவன் போலிருந்தான். கண்ணாடிக்குள் இருப்பவன் போல இருந்தான்.

கத்தியை வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். கழுத்தில் துணியும் ஒரு கன்னத்தில் நுரையுமாகத் தையல்காரர் பின்னாலேயே ஓடிவந்தார்.

படத்தின் முன் நின்று எண்ணினார்கள். ஆறு தலை. ஆறு வகிடும் அவரவர் வலப்பக்கம்.

"ஒருத்தன் இப்படி வகிடெடுப்பான். ரெண்டு பேர்னு வை. லாரி முழுக்கவா எடுப்பான்?"

தையல்காரர் மூக்கு தகட்டில் உரசுகிற அளவு குனிந்தார். "அண்ணே, பித்தானப் பாருங்க, இடப்பக்கம் இருக்கு. அத்தனை பேரும் பொம்பளைச் சட்டை போட்டிருக்காங்க."

சலூன்காரருக்கு நெஞ்சு குளிர்ந்தது. உன் ஆளைப் போய்ப் பார், பொம்பளைச் சட்டை போட்டிருக்கிறான் என்று சொல்ல வாக்கியம்கூடத் தயாராகிவிட்டது. அச்சகம்வரை அதை வாயில் அதக்கிக்கொண்டே போனார்.

முதலில் வகிடும் பித்தானும் பக்கம் மாறியிருப்பதை மட்டும் சொன்னார். அவள் கணினியில் அந்தப் படத்தைத் திறந்தாள். இடவலம் மாற்றாமலே அச்சுக்குப் போயிருந்தது. வீட்டில் இருப்பதும் தப்பு, கூடத்தில் தொங்குவதும் தப்பு.

"எழுத்து இருக்கிற படத்தையெல்லாம் ரெண்டு தடவை பார்த்தேங்க. இதுல ஒரு எழுத்துகூட இல்ல." அவள் குரல் இறங்கிவிட்டது. "நாளைக்கு அந்தக் குடும்பத்துல யாராவது பார்த்து, எங்க தாத்தா இப்படியா இருப்பார்னு கேட்டிருந்தா?"

தயாராக வைத்திருந்த வாக்கியத்தை அவர் விழுங்கினார். "இன்னும் நேரம் இருக்கு. அடி" என்றார்.

ஆறு வருடத்தில் அவள் வேலை செய்து அவர் பார்த்ததில்லை. தகட்டின் மேலிருந்த மெல்லிய உறையை நகத்தால் உரித்தாள். காகிதத்தைக் கவிழ்த்து நான்கு மூலையிலும் நாடா ஒட்டினாள். மிஷின் மூடியது. சத்தம் கேட்டதும் கையுறையோடு எடுத்து, சூடு ஆறுமுன் காகிதத்தை ஒரே இழுப்பில் உரித்தாள். உரிக்கும்போது அவள் முகம் மலர்ந்ததை அவர் பார்த்தார். தன்னை அப்படி ஆவலாக அவள் பார்த்து எத்தனை காலம் இருக்கும் என்று கணக்குப் போடப் பார்த்து, விட்டுவிட்டார்.

"நேரா வந்ததும் இன்னும் லட்சணமா இருக்கான், இல்ல?"

"இருக்கான்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் சரியாகக் கேட்டிருக்காது.

தகட்டைப் போர்வையில் சுற்றி அவரே நூலகத்துக்குச் சுமந்தார். சாயங்காலத்துக்குள் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டியாயிற்று. மறுநாள் திறப்பில் எந்தப் பேரனும் எதுவும் கேட்கவில்லை. தகட்டுப் பிரிவை இனி நீயே பார்த்துக்கொள் என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார்.

கூட்டம் கலையுமுன் சலூன்காரர் நழுவி வீட்டுக்கு வந்து, கீறல் விழுந்த தகட்டை ஆணியிலிருந்து கழற்றினார். தப்பான படம் வீட்டில் எதற்கு என்று யார் கேட்டாலும் சொல்லலாம். தையல்காரரிடம் கொடுத்தார்.

"குடுங்கண்ணே. பித்தானை மாத்தித் தைச்சா எப்படி இருக்கும்னு கடையில மாட்டிவைக்கிறேன்."

ஒரு வாரமாகச் சோறு இறங்காத சலூன்காரர் அன்று மத்தியானம்தான் பசியோடு வீடு திரும்பினார். எதிர்ச்சுவரில், அதே ஆணியில், ஆறு பேரும் லாரியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அதைக் குடுத்துட்டீங்கன்னு தையல்கார அண்ணன் சொன்னார். பரவால்லைங்க" என்று சோறு போட்டாள் மனைவி. "கூடத்துல கழட்டினது சும்மாதான் கிடந்துச்சு. இதுல கீறல்கூட இல்ல."

அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இப்போது எதிரே இருந்தது அலமாரிக் கண்ணாடி. அதில் அவர் தோளுக்கு மேலே மூன்றாவது பையன் சிரித்துக்கொண்டிருந்தான், வகிடு சரியான பக்கத்தில்.